அம்பலும் அலரும்

அகத்திணை நடத்தும் பருவத்தில் ஒவ்வோர் ஆண்டும் யாரேனும் ஒரு மாணவி எழுந்து கேட்பாள்: அம்பலுக்கும் அலருக்கும் என்ன வேறுபாடு? இறையனார் களவியல் உரை இதனை விரித்துப் பேசுகிறது. சுருங்கச் சொல்வதானால், இன்னாரிடத்து இன்னது என்று தெளிவாகாமல் முகக்குறிப்பிலும் முணுமுணுப்பிலும் நிற்பது அம்பல். ஊரறிய விரிந்துவிட்டது அலர். மொட்டும் மலரும் போன்ற உறவு. இதனோடு சேர்த்து அறத்தொடு நிற்றலையும் நாம் சொல்லிவிடுவது வழக்கம். தலைவி தன் நோயைத் தோழிக்குச் சொல்வாள், தோழி செவிலிக்கு, செவிலி நற்றாய்க்கு, நற்றாய் வழியாகத் தந்தைக்கும் தமையன்மார்க்கும் செய்தி போய்ச் சேரும். யாருக்குச் சொல்லலாம், எந்த வரிசையில் சொல்லலாம், எதன் பொருட்டுச் சொல்லலாம் என்ற ஒழுங்கு அதில் உண்டு. தலைவியின் உயிரைக் காக்கவே செய்தி கைமாறுகிறது. அலருக்கு இந்த ஒழுங்கு எதுவும் கிடையாது.

செவிலி என்னும் சொல்லை இன்று மருத்துவமனைப் பணியாளர்க்கு வைத்திருக்கிறோம். வைத்தவர் யாரோ, சொல்லறிவு மிக்கவர். பெற்றவளுக்கும் முன்பாக மகளின் மெலிவைக் கண்டுகொள்பவள் அல்லவா செவிலி!

இந்த இலக்கணமெல்லாம் சென்ற ஆண்டு ஆடி மாதத்து இரவொன்றில் நம் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்து சேர்ந்தது. கையெல்லாம் மாவாக இருந்தபடியால், மணி அடித்த கைப்பேசியை மகள் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். மறுமுனையில் மிகப் பணிவான ஓர் இளைஞன். “மேடம், உங்க பாலிசி அடுத்த மாசம் ரெனியூவலுக்கு வருது. 2017ல அந்த ட்ரீட்மென்ட் எடுத்ததால உங்களுக்கு லோடிங் போட்டிருப்பாங்க. எங்ககிட்ட மாறினீங்கன்னா அது இல்லாம பண்ணித் தரேன்” என்றான். தொடர்ந்து ஒரு மாத்திரையின் பெயரையும் அதன் மில்லிகிராம் அளவையும் சொல்லி, “இப்பவும் அது எடுக்கிறீங்களா மேடம்?” என்று கேட்டான்.

அப்பா இறந்த பிறகு உள்ளம் தளர்ந்து, பதினொரு மாதம் மனநல மருத்துவர் ஒருவரிடம் நாம் சிகிச்சை பெற்றோம். கணவர் அறிவார், வேறு எவரும் அறியார். இதை இங்கே நாமே எழுதுகிறோம். எழுதுவது நம் விருப்பம். மாத்திரையின் பெயரை எழுதப்போவதில்லை. அதுவும் நம் விருப்பம். இவ்விரு விருப்பங்களுக்கும் இடையில் கிடக்கும் சிறு நிலத்தில்தான் அந்த இளைஞன் செருப்புக் காலுடன் நடந்து போனான். பதினைந்து வயது மகள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குச் சொல்லவேண்டிய நாள் ஒன்று வரும் என்று எண்ணியிருந்தோம். அந்த நாளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நம் கையைவிட்டுப் போயிற்று.

அவனிடம் நாம் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. “இந்த விவரம் உங்களுக்கு எங்கிருந்து கிடைத்தது?” என்று மட்டும் கேட்டோம். இணைப்பு அறுந்தது.

மருத்துவரின் சீட்டு நீங்கலாக, அந்த ஆண்டும் அந்த மருந்தும் அந்த அளவும் சேர்ந்து எழுதப்பட்ட இடம் உலகில் ஒன்றே ஒன்றுதான்: மருத்துவக் காப்பீட்டு விண்ணப்பம். முன்பு பெற்ற சிகிச்சைகளை மறைக்காமல் எழுதவேண்டும்; மறைத்தால் பின்னாளில் இழப்பீட்டுக் கோரிக்கையை நிராகரிக்க அதுவே காரணமாகும். மறைக்காமல் எழுதினோம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் உடல்நோய்க்கு நிகராக மனநோய்க்கும் காப்பீடு தரவேண்டும் என்கிறது, நல்ல சட்டம். ஆனால் அதே சட்டம் நோயாளியின் கமுக்கத்தைக் காக்கும் கடமையை வெளிப்படையாகச் சுமத்துவது மருத்துவத் தொழில் புரிவோர் மீதுதான். சீட்டு மருத்துவர் கையைவிட்டுக் காப்பீட்டு அலுவலகத்தின் கணினிக்குள் போனபின் வேறு சட்டங்களைத் தேடவேண்டியிருக்கிறது.

இரண்டு மாதங்கள் கழித்து நிறுவனத்திடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. தங்களுக்குச் சேவை வழங்கும் மூன்றாம் தரப்பு நிறுவனம் ஒன்றின் கணினியில் “அனுமதியற்ற அணுகல்” நிகழ்ந்ததாகவும், வாடிக்கையாளர்கள் விழிப்புடன் இருக்குமாறும் அதில் எழுதியிருந்தார்கள். களவு என்று ஈராயிரம் ஆண்டுப் பழஞ்சொல் இருக்க, அனுமதியற்ற அணுகலாம்! எது போயிற்று, எப்போது போயிற்று, எவர் கைக்குப் போயிற்று என்பன பற்றி ஒரு சொல் இல்லை. நிறுவனத்தின் பெயர் இக்கட்டுரைக்கு வேண்டியதில்லை. 2024 செப்டம்பரில் ஸ்டார் ஹெல்த் வாடிக்கையாளர்களின் மருத்துவ அறிக்கைகள் உள்ளிட்ட தரவுகள், டெலிகிராம் செயலியில் கேட்டவர்க்கெல்லாம் எடுத்துக்கொடுக்கும் சாட்பாட்கள் வழியே கிடைத்ததை ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் வெளிக்கொணர்ந்ததும், அந்நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியதும் செய்தித்தாள் படிப்போர் அறிந்தவை. 3.1 கோடிப் பேரின் தரவுகள் தன்னிடம் இருப்பதாகத் திருடியவன் அப்போது கூறிக்கொண்டான். நம் காப்பீடு வேறு நிறுவனத்தினுடையது. ஆயினும் அந்தச் செய்தியைப் படித்தபோது அயலார் வீட்டு நெருப்பாக எண்ணியது போல் இனி எண்ண இயலாது.

வங்கி அட்டை களவுபோனால் அட்டையை முடக்கிப் புதிது வாங்கலாம். கடவுச்சொல் போனால் வேறொன்று வைக்கலாம். 2017ஆம் ஆண்டை யாரும் நமக்கு மாற்றித் தர இயலாது. மருத்துவத் தரவுகளின் களவு பிற களவுகளினின்று வேறுபடும் இடம் இதுவே. ஆதலால் தற்காப்பு என்று நாம் செய்வனவெல்லாம் மேலும் பரவாமல் தடுப்பதற்கும், பின்னால் வழக்காட வேண்டி வந்தால் கையில் சான்று இருப்பதற்கும் மட்டுமே உதவும். எனினும் அவற்றைச் செய்யாமல் இருத்தல் தகாது.

அழைப்பு வந்த நாள், மணி, எண், அவன் சொன்ன சொற்கள் ஆகியவற்றை அன்றிரவே ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தோம். நினைவு என்பது நாள் ஆக ஆகக் கதையாகிவிடும். இலக்கியம் படித்தவர்க்கு இது தெரியும். நிறுவனத்தின் மின்னஞ்சலை அச்செடுத்துக் கோப்பில் வைத்தோம். காப்பீட்டுக் கணக்கில் நாம் பெறாத சிகிச்சைக்கு எவரேனும் பணம் கோரியிருக்கிறார்களா என்று பார்த்தோம். இதைப் பலர் பார்ப்பதில்லை. பிறர் நம் பெயரில் மருத்துவம் பார்த்துக்கொண்டால் பணம் போவதோடு நில்லாது. அவர்களுடைய நோயும் குருதி வகையும் நம் குறிப்பேட்டில் ஏறிவிடும். மருத்துவமனையிலிருந்து நம் குறிப்புகளின் நகலையும் கேட்டுப் பெற்றோம். கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவர் நகலைத் தரவேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகளிலேயே இருக்கிறது. விதியைச் சொல்லிக் கேட்டால் தருகிறார்கள்.

ஆதாரின் கைரேகை, கருவிழிப் பதிவுகளைப் பூட்டிவைத்தோம். கடன் தகவல் நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் ஆணை. அதைப் பெற்று, நாம் வாங்காத கடன் ஏதும் நம் பெயரில் இல்லை என்று உறுதி செய்துகொண்டோம். பணம் போயிருந்தால் 1930 என்னும் எண்ணை உடனே அழைக்க வேண்டும். நமக்குப் போனது பணம் அன்று என்பதால் இணையக் குற்ற முறையீட்டுத் தளத்தில் எழுத்தாகப் பதிந்தோம். பதிவு எண் வந்தது. எண் மட்டும்தான் வந்தது.

சட்டத்தின் கதவுகளைக் காட்டியவர் நம் பழைய மாணவர். இளங்கலைத் தமிழ் படித்துவிட்டுச் சட்டக்கல்லூரிக்குப் போனவர். இன்றும் நம்மை “அம்மா” என்றே அழைப்பவர். “முதல்ல கம்பெனியோட குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கம்மா, பதிவுத் தபால்ல. ஒரு மாசம் டைம் குடுங்க” என்றார். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் 2011இல் வந்த விதிகள் மருத்துவக் குறிப்புகளையும் உடல், மன நலச் செய்திகளையும் கூருணர்வுத் தரவு என்று வகைப்படுத்துகின்றன. முறையீட்டை ஒரு மாதத்துக்குள் தீர்க்கவேண்டும் என்பதும் அவ்விதிகளில் உண்டு. அந்தச் சட்டத்தின் 43ஏ பிரிவின்படி, தரவைக் காப்பதில் அசட்டையாக இருந்த நிறுவனம் இழப்பீடு தரவேண்டும். 5 கோடி ரூபாய் வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும் அதிகாரி மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறையின் செயலாளர்.

படிக்கையில் நெஞ்சு நிமிர்ந்தது. அடுத்த வரியில் தளர்ந்தது. அசட்டையால் ஒருவர்க்கு முறையற்ற இழப்பு நேர்ந்திருக்க வேண்டும். நாம் இழந்தது எத்தனை ரூபாய்? மகளிடம் நாமே சொல்லியிருக்கக்கூடிய ஒரு மாலைப்பொழுதின் விலை என்ன? நம் அக இலக்கியத்தில் அலர் என்பதே துன்பம். அதனால் பொருள் நட்டமாயிற்றா என்று எந்தத் தோழியும் தலைவியைக் கேட்டதில்லை. (அலர் பரவுவதால் மணம் விரைவில் கூடும் என்று மகிழும் இடங்களும் உண்டு; அந்த ஆறுதல் நமக்கு வாய்க்காது.)

நுகர்வோர் சட்டத்தில் சற்றே ஒளி தெரிந்தது. 2019ஆம் ஆண்டுச் சட்டம், நம்பிக்கையின்பேரில் நுகர்வோர் தந்த தனிப்பட்ட செய்தியைச் சட்டத்துக்குப் புறம்பாகப் பிறர்க்கு வெளியிடுவதை நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம்; சேவைக்குச் செலுத்திய தொகை 5 இலட்சத்துக்குள் இருந்தால் கட்டணமில்லை. மன உளைச்சலுக்கு இழப்பீடு கேட்பது அங்கே புதிதும் அன்று. ஆனால் “வெளியிட்டது நாங்கள் அல்ல, திருடன்தான்” என்று நிறுவனம் வாதிடும். பூட்டாமல் போனவன் பொறுப்பாவானா என்பதே வழக்காக மாறும்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் கடந்து போக மனம் வரவில்லை. இந்தக் கதவுகள்கூடப் பணம் கட்டி மருத்துவம் பார்ப்பவர்க்கே. யாவர்க்கும் இலவசமாகத் தரப்படும் அரசு மருத்துவம் நுகர்வோர் சட்டத்தின் பொருளில் சேவை ஆகாது என்று 1995இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. 43ஏ பிரிவோ வணிகமும் தொழிலும் புரியும் அமைப்புகளையே கட்டும். 2022 நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் தாக்கப்பட்டு, நாள் பல ஆகியும் சீட்டும் பேரேடும் கையால் எழுத நேர்ந்ததே. அங்கே விடியலில் வரிசையில் நிற்கும் ஒருவரின் குறிப்பு களவுபோயிருந்தால் அவர் எந்த வாசலில் போய் நிற்பார்? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டு 24இல் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்து உரைத்தார்கள். அந்த உரிமையைக் கையில் எடுத்துக்கொண்டு உயர் நீதிமன்றம் வரை போகும் வலிமை அவர்க்கு வேண்டும்.

இவற்றையெல்லாம் நிறைவு செய்யவே 2023ஆம் ஆண்டின் தனிநபர் எண்மத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது என்பார்கள். அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முதன்மையான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வரும்படி வகுத்திருக்கிறார்கள். நல்லன சில உண்டு. களவு நேர்ந்தால் பாதிக்கப்பட்டவர்க்குத் தாமதமின்றி, அவர்க்கு விளங்கும் வகையில், என்ன போயிற்று, விளைவு என்னவாகலாம், அவர் செய்யக்கூடியது என்ன என்று சொல்லியாக வேண்டும். அரசு அமைப்புகளும், விலக்குகளோடு என்றாலும், இதற்குள் வருகின்றன. 2022இல் வந்த சைபர் பாதுகாப்பு ஆணையும் ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்கச் சொல்கிறதுதான்; ஆனால் அது அரசு முகமைக்குத் தெரிவிப்பது. நோயாளிக்கு நேரே சொல்லவேண்டும் என்பது புதிய சட்டத்தின் பேறு.

தரவைக் காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டம். எண்ணைக் கேட்டவுடன் மலைத்துப்போனோம். நம் மாணவர் புன்னகைத்து, “அந்தப் பணம் இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போகும்மா. உங்களுக்கு இல்ல” என்றார். அதுவன்றி, புதிய சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வரும் நாளில் பழைய 43ஏ பிரிவு நீக்கப்படும். இழப்பீடு கேட்க இருந்த நேரான வழி ஒன்று அன்றோடு அடைபடும். பொய்யான, அற்பமான முறையீடு செய்தால் முறையிட்டவர்க்கு 10,000 ரூபாய் வரை தண்டம் விதிக்கவும் அதில் இடமுண்டு. களவு கொடுத்தவர் வீட்டுக்கு முன்னே பந்தல் போட்டு, மொய்யை அரண்மனைக்கு அனுப்பிவிட்டு, பந்தல் சரியில்லை என்று குறை சொன்னால் அபராதம் என்று கூறுவது போல் இருக்கிறது.

இப்படித்தான் இருக்கவேண்டுமா என்று பிற நாட்டுச் சட்டங்களைத் தேடியபோது பின்லாந்து கண்ணில் பட்டது. நம் நோய் உள்ளம் சார்ந்ததாகையால் அந்தக் கதை நம்மைப் பல நாள் உறங்கவிடவில்லை. வஸ்தாமோ என்பது அந்நாட்டின் தனியார் உளமருத்துவ நிறுவனம். அதன் தரவுத்தளம் 2018இல் களவுபோனது. 2020 அக்டோபரில்தான் ஊருக்குத் தெரிந்தது. ஏறத்தாழ 33,000 பேர், தம் மருத்துவரிடம் மட்டும் சொன்ன சொற்கள்: மணமுறிவு, குடி, சிறு வயதில் நேர்ந்த கொடுமை, சாக நினைத்த இரவு. திருடியவன் முதலில் நிறுவனத்திடம் பிட்காயினில் பெருந்தொகை கேட்டான். கிடைக்காதபோது நாளுக்கு நூறு பேர் என்ற கணக்கில் குறிப்புகளை இணையத்தின் இருண்ட பகுதியில் வெளியிட்டான். பிறகு நோயாளிகளுக்கே எழுதினான். 24 மணி நேரத்துக்குள் 200 யூரோ, தவறினால் 500, அதற்கும் தவறினால் எல்லாம் வெளிவரும். காவல்துறை சொன்னது: பணம் தராதீர்கள், கடிதத்தை அழிக்காதீர்கள், குற்றமாகப் பதியுங்கள். ஆயிரக்கணக்கானோர் பதிந்தார்கள். வெட்கத்தை வைத்தே வாணிகம் செய்ய வந்தவனுக்கு எதிராக அத்தனை பேர் காவல் நிலையத்தில் தம் பெயரை எழுதிக் கொடுத்தார்கள் என்பதுதான் நமக்கு அக்கதையில் பெரிதாகத் தோன்றுகிறது. நிறுவனம் 2021இல் திவாலாயிற்று. தரவுப் பாதுகாப்பு அதிகாரம் 6,08,000 யூரோ தண்டம் விதித்தது. குற்றவாளிக்கு 2024 ஏப்ரலில் மாவட்ட நீதிமன்றம் ஆறு ஆண்டு மூன்று மாதம் சிறை விதித்தது.

ஐரோப்பியச் சட்டத்தில் பாதிக்கப்பட்டவர் பொருளல்லா இழப்புக்கும் ஈடு கேட்கலாம். 2023 டிசம்பர் 14 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், பல்கேரியாவின் வரித்துறையிலிருந்து போன தரவுகள் பற்றிய வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போயிற்று: தன் தரவைப் பிறர் தவறாகப் பயன்படுத்தக்கூடும் என்ற அச்சமே இழப்பாகலாம், அந்த அச்சம் காரணமுடையதா என்று உள்நாட்டு நீதிமன்றம் ஆராய வேண்டும். அலரஞ்சுதல் என்று நம் உரைகளில் வருவதை ஒரு நீதிமன்றம் இழப்பென ஏற்ற செய்தியை நாம் இருமுறை படித்தோம்.

நம் நாட்டு நீதிமன்றத்திலும் இத்தகைய வழக்கொன்று உண்டு. தீர்ப்பு 1998. இரத்தம் கொடுக்க முன்வந்த ஒருவர்க்கு எச்.ஐ.வி. இருப்பது மருத்துவமனையில் தெரியவந்து, செய்தி வெளியேறி, நிச்சயிக்கப்பட்டிருந்த திருமணம் நின்றது, ஊரார் ஒதுக்கினர். அவர் மருத்துவமனை மீது வழக்குத் தொடுத்தார். மணக்கவிருந்த பெண்ணின் உயிர் காக்கும் உரிமை பெரிது, ஆகவே வெளியிட்டது தவறாகாது என்று உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. அந்தப் பெண்ணுக்குச் சொன்னதை நாமும் குறை கூறமாட்டோம். அறத்தொடு நிற்றலில் அது அடங்கும். ஊருக்குத் தெரிந்தது எதில் அடங்கும்? தீர்ப்பில் அவர் பெயர் எக்ஸ், மருத்துவமனையின் பெயர் இசட். அகப்பாட்டில் ஒருவர் பெயரைச் சுட்டலாகாது என்று தொல்காப்பியம் விதித்ததை, தெரிந்தோ தெரியாமலோ நீதிமன்றமும் கைக்கொண்டிருக்கிறது.

நமக்கு அந்த வாய்ப்பு இருக்குமா என்று மாணவரிடம் கேட்டோம். குறைதீர்ப்பு அலுவலரிடமிருந்து நான்கு வரி பதில் வந்திருந்தது. தங்கள் தரவுகளின் பாதுகாப்பு எங்கள் தலையாய கடமை என்று தொடங்கி அங்கேயே முடிந்திருந்தது. மாவட்ட ஆணையத்துக்குப் போவது என்று முடிவு செய்தோம். “பெயரை மறைச்சுக் கேட்கலாம்மா, தனி உறையில குடுக்கிறோம்னு மனுவும் போடலாம். ஏத்துக்கிறது அவங்க விருப்பம். ஆனா எந்தத் தகவல் போச்சுன்னு எழுதாம, ‘சில மருத்துவ விவரங்கள்’னு எழுதினா எதிர்த்தரப்பு அப்படி ஒண்ணுமே இல்லேன்னுடுவாங்க” என்றார்.

வெளியேறிய செய்திக்கு நீதி கேட்க வேண்டுமானால் அதே செய்தியைப் பிரமாணப் பத்திரத்தில் நாமே எழுதவேண்டும். தட்டச்சு செய்பவர் படிப்பார், நோட்டரி படிப்பார், ஆணையத்தின் எழுத்தர் படிப்பார், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் உரக்கப் படிப்பார். கணவர், விட்டுவிடலாமே என்றார். அவர் சொன்னதில் நம்மீதுள்ள அக்கறை தவிர வேறொன்றும் இல்லை. நான்கு நாள் வரைவு மேசையிலேயே கிடந்தது. ஐந்தாம் நாள் தட்டச்சு நிலையத்துக்குக் கொடுக்காமல், கல்லூரி விட்டு வந்த பின் நாமே உட்கார்ந்து அடித்து முடித்தோம். தனி உறைக்கான மனுவையும் இணைத்தோம்.

நோட்டரி வழக்கறிஞர் முதியவர்; பக்கம் பக்கமாகப் புரட்டி, ஓரிடத்தில் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். எந்த இடம் என்று நாம் எட்டிப் பார்க்கவில்லை. முத்திரை வைத்தார். மனு மின்வழியே தாக்கலாகிவிட்டது. விசாரணைத் தேதி இன்னும் வரவில்லை. மாத்திரையின் பெயர் ஏழாம் பத்தியில் இருக்கிறது.